பாரம் எழுதிய தாள்

2025 மே 13, செவ்வாய்

வேலையால் வந்து கைபேசியைப் பார்த்தால் ஒரு குரல் தகவல். லவாலில் உள்ள வேட்டைச் சாமான் கடையிலிருந்து. "மெஸ்யூ விமலநாதன் கேட்ட இரண்டு ஷாசிகளும் வந்துவிட்டன. கையில் எடுத்துப் பார்த்துவிட்டு எது வேண்டுமென்று சொன்னால் மற்றதைத் திருப்பி அனுப்பிவிடுவோம்." பிரெஞ்சில், நிதானமாக, சாப்பிட்டு எழும்பிய மனிதரின் குரலில்.

வசனமாக எழுதிப் பாருங்கோ அம்மா, அழுகை வரும் என்று சொல்லித்தான் மகள் கஜந்தினி இந்தக் கொப்பியைத் தந்துவிட்டுப் போனாள். சரி, எழுதுகிறேன். விமலநாதன் என் கணவர். மார்ச் 3ஆம் திகதி டோர்வலில், விமானத்துக்குப் பெட்டி ஏற்றுகிற இடத்தில், "கொஞ்சம் இருந்திட்டு வாறன்" என்று கூட வேலை செய்தவர்களுக்குச் சொல்லிவிட்டு யாருடையதோ ஒரு பெட்டியின்மேல் இருந்தார். பிறகு எழும்பவில்லை. மாரடைப்பு. வயது ஐம்பத்தாறு.

எழுதியாகிவிட்டது. ஒன்றும் வரவில்லை.

கடைக்குத் திருப்பித் தொலைபேசி எடுத்தேன். "அவர் வேலையில் நிற்கிறார். கேட்டுச் சொல்கிறேன்" என்றேன்.

மே 14

ஏன் அப்படிச் சொன்னேன்? இன்று எடுத்துத் திருத்தியிருக்கலாம். திருத்தவில்லை.

மே 17, சனி

லவாலுக்குக் காரில் போனேன். கடை வாசலுக்கு மேல் ஒரு மூஸ் மானின் தலை. அதன் கண்ணாடிக் கண்ணில் தூசி. குரல் தகவல் விட்டவர் பெயர் கில், நரைத்த தாடி. இரண்டு பெட்டிகளைத் தூக்கி மேசையில் வைத்தார்.

ஷாசி என்றால் என்னவென்று இன்றுதான் விளங்கியது. துவக்கின் குழலையும் பூட்டையும் மரப்பிடியிலிருந்து கழற்றி இந்த உலோகக் கூட்டுக்குள் இருத்துவது. பிடியின் நீளத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். கன்னம் வைக்கிற இடத்தை உயர்த்தலாம். மரம்போல ஈரத்தில் ஊதாது. இது துவக்கு இல்லை, வெறும் கூடு என்பதால் லைசென்ஸும் கேட்கமாட்டார்கள்.

கறுப்பு ஒன்று, அலுமினியம், 2.1 கிலோ. இவர் செப்டெம்பரிலேயே கேட்டு வைத்தது. வருவதற்கு எட்டு மாதம் எடுத்திருக்கிறது. சாம்பல் நிறத்தில் மற்றது, 0.9. அதைப் பெப்ரவரியில் தொலைபேசியில் கேட்டாராம், இரண்டையும் தூக்கிப் பார்த்து முடிவு சொல்கிறேன் என்று.

"பாரமானது சுடும்போது ஆடாது, தோளில் அடியும் குறைவு. இலேசானது நாள் முழுக்கக் காவிக்கொண்டு திரிகிறவனுக்கு. உங்கள் கணவர் எப்படி, அதிகம் நடக்கிறவரா?"

"இப்போது அவ்வளவு நடப்பதில்லை" என்றேன்.

கறுப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். உள்மூலை ஒன்றில் வெட்டுக் கருவி அதிர்ந்த கோடு கிடந்தது. சென்ட் லோரன்ட்டில் எங்கள் தொழிற்சாலையில் என் கைக்கு அது வந்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன் என்றேன். கில் சிரித்தார். பதினெட்டு வருடமாக விமானப் பாகங்களின் அளவு பார்க்கிறேன் என்றதும், "அப்படியானால் நீங்களே தெரிவுசெய்யுங்கள், மதாம்" என்றார். எப்படியும் கோடை முடியும்வரை இரண்டையும் வைத்திருப்பாராம்.

ஒரு மணித்தியாலம் அங்கே நின்றிருக்கிறேன். போனது தெரியவில்லை. மார்ச்சுக்குப் பிறகு அப்படி ஒரு மணித்தியாலம் போகவில்லை.

மே 25, ஞாயிறு

இவருடைய செம்மஞ்சள் வேட்டை ஜக்கெற்றைத் தோய்க்கப் போட எடுத்தேன். உள்பையில் ஒரு தாள், நாலாக மடித்தது. இவருடைய எழுத்து. செப்டெம்பர் என்று போட்டு ஒரு ஷாசியின் பெயர், நிறம், நீளம், கன்ன உயரம், மடிக்கலாமா, 2.1. ஒக்ரோபரில் இன்னொன்று, நீளம், மடிக்கலாமா, 1.7. டிசம்பரில் மூன்றாவது, மடிக்கலாமா, 1.3. பெப்ரவரியில் நாலாவது, 0.9.

மனிதர் ஒரு சப்பாத்து வாங்கவே மூன்று மாதம் யோசிப்பார். அந்தக் குணம் என்று நினைத்தேன். ஜக்கெற்றைத் தோய்க்கவில்லை, திருப்பிக் கொழுவிவிட்டேன்.

கஜந்தினி ஷெர்புறூக்கிலிருந்து எடுத்தாள். ஞாயிறு தவறாமல் எடுப்பாள்.

"அம்மா, அழுதனீங்களே?"

"இல்லை."

"அழுறது நோர்மல் அம்மா. அழாமல் இருக்கிறதுதான் நோர்மல் இல்லை."

ரொறன்ரோ மச்சாள் புஷ்பவதிக்கும் இதுதான் குறை. செத்தவீட்டில் நான் கல்லுமாதிரி நின்றேனாம். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி வரைக்கும் அதையே சொல்லித் திரிந்தா. அவவுக்காக ஒருமுறை அழ முயற்சி செய்தும் பார்த்தேன். கொட்டாவிதான் வந்தது.

ஜூன் 8, ஞாயிறு

துவக்கை யார் பெயருக்கு மாற்றப்போகிறீர்கள் என்று அரசாங்கத்திலிருந்து இரண்டாவது கடிதம். எனக்கு லைசென்ஸ் இல்லை. பற்றிக் அண்ணைக்கு இருக்கிறது. வரச் சொன்னேன். அவருடைய மனைவி சிசிலி அக்காவும் மீன் பொரியலோடு வந்தா.

அண்ணை மன்னார்க்காரர். டோர்வலில் இவரோடு ஒரே நேர வேலை, பதினொரு வருடமாக வேட்டைக்கும் ஒரே கார். துவக்கு அவரிடம் போவதுதான் நியாயம். இரும்புப் பெட்டியைத் திறந்து துவக்கை எடுத்து, பூட்டை இழுத்து வெறுமையாக இருக்கிறதா என்று பார்த்து, மடியில் வைத்துக்கொண்டார். ஷாசி இரண்டையும் பற்றிச் சொல்லி, உங்களுக்கு எது என்று கேட்டேன்.

"பாரமானதே நல்லது, தங்கச்சி. கை ஆடாது."

பிறகு வேட்டைக் கதை. கந்தசஷ்டி ஆறு நாளும் இவருக்குப் பாலும் பழமும்தான். பாறணை முடியாமல் துவக்கைத் தொடமாட்டார். போன வருடம் மான் காலத்தின் முதல் கிழமையும் சஷ்டியும் ஒன்றாக வந்துவிட்டன.

"மற்றவையள் முதல் நாளே போய் மானோடை திரும்பியிட்டினம். நாங்கள் ரெண்டு பேரும் சூரன் சாகுமட்டும் காவல். வேதக்காரன் நான், முருகன்ரை கலண்டரைப் பாத்துக்கொண்டு திரிஞ்சன்."

சிசிலி அக்கா சிரித்தா. நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். வாய் அசைந்தது.

கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அடுத்த கிழமை போடுகிறேன் என்றேன்.

ஜூன் 19, வியாழன்

இன்று வேலையில் ஒரு வளையம், விமானச் சக்கரத்துக்குப் போவது. முதல் துண்டு சரியான அளவிலிருந்து நாலு மைக்ரோன் கூட. இரண்டாவது ஆறு. மூன்றாவது ஒன்பது. இருபது வரைக்கும் விடலாம். மெஷினை நிற்பாட்டு என்றேன். மெஷினில் நின்ற சிவாஜினிக்குக் கோபம்.

"எல்லாம் அளவுக்குள்ளைதானே அக்கா கிடக்கு?"

"அளவுக்குள்ளைதான். ஆனால் ஒரே பக்கமாய்ப் போகுது. கருவியைக் கழட்டிப் பார்."

கழற்றினாள். நுனி தேய்ந்திருந்தது. அளவு கூடிக் குறைந்து ஆடினால் பயமில்லை. ஒரே பக்கமாக நகர்ந்தால் எங்கோ ஏதோ தேய்கிறது. புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதல் நாளே சொல்லிக் கொடுப்பது இது.

பஸ்ஸில் வரும்போதுதான். அக்காடி மெற்றோவுக்குக் கிட்ட.

2.1. 1.7. 1.3. 0.9.

வந்து சப்பாத்தும் கழற்றாமல் தாளை எடுத்து விரித்தேன். செப்டெம்பரில் நிறம் எழுதியிருக்கிறார். ஒக்ரோபரில் நிறம் இல்லை. டிசம்பரில் நீளமும் இல்லை. பெப்ரவரியில் பாரம் ஒன்றுதான், அதுக்குக் கீழே இரண்டு கோடு. தூக்க ஏலாமல் போயிருக்கு. மாதத்துக்கு மாதம் ஏலாமல் போயிருக்கு, இந்த மனுசன் அதுக்கேத்த கூடு தேடியிருக்கு. டிசம்பரிலை அரிசிப் பையை என்னைத் தூக்கச் சொன்னவர் — நாரிப்பிடிப்பு எண்டு சொன்னவர் — நானும் தைலம் பூசிவிட்டன். மாடிப்படியிலை நிண்டு நிண்டு ஏறினவர். போனைப் பாக்கிறார் எண்டு நினைச்சன். மூண்டாவது துண்டிலை பிடிக்கிற நான், ஆறு மாதமா ஒரே வீட்டுக்குள்ளை என்னத்தைப் பாத்துக்கொண்டிருந்தன்?

ஜூன் 20

வேலைக்குப் போனேன். நூற்றிநாற்பது துண்டு பார்த்தேன். பிழை ஒன்றும் இல்லை.

ஜூன் 22, ஞாயிறு

பார்க் எக்ஸ்டென்ஷனுக்குப் போனேன். பற்றிக் அண்ணையின் வீடு மூன்றாம் மாடி. தாளை மேசையில் விரித்து, பாரங்களை விரலால் காட்டினேன்.

"போன நவெம்பர் என்ன நடந்தது, அண்ணை?"

அவர் சிசிலி அக்காவைப் பார்த்தார். அக்கா குசினிக்குள் போனா.

"பாறணைக்கு அடுத்த நாள்தானே போனனாங்கள். ஏத்தத்திலை ரெண்டு தரம் குந்தி இருந்தவன். மூச்சு வாங்கினது. ஆறு நாள் வயித்தைக் காயப்போட்டால் இப்பிடித்தான் எண்டு நான் பகிடி பண்ணினன். விரதக் களை எண்டு அவனும் சொன்னான். துவக்கை நான்தான் காவினன். மான் வந்து நிண்டது, கிட்டத்தான். தூக்கினான். கை நடுங்கினது. கீழை வைச்சிட்டான்."

விரதக் களை. பாறணைச் சோறு போடும்போது நானும் அதைத்தான் சொன்னேன், நல்லாய்ச் சாப்பிடுங்கோ, விரதக் களை முகத்திலை தெரியுது என்று. வருடா வருடம் சஷ்டிக்குப் பிறகு எங்கள் வீடுகளில் எல்லாரும் எல்லாருக்கும் சொல்வது.

"பேந்து?"

"தை மாதம் வேலையிலை ஒருக்கா நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவன். அப்ப விரதம் இல்லைத்தானே, போய்க் காட்டு எண்டன். டொக்டரிட்டை ரொந்தேவு எடுத்திட்டன், அஜந்தாவுக்குச் சொல்லிப்போடாதை, பிள்ளைக்குக் கம்பஸ் சோதினை முடியட்டும் எண்டான். மடுமாதா மேலை சத்தியம் வாங்கிப்போட்டான்."

"ரொந்தேவு எப்ப?"

"மார்ச் இருபது."

இவர் போய்ப் பதினேழாம் நாள். 

"நீங்கள் சத்தியத்தைக் காப்பாத்திப்போட்டியள்" என்றேன். "இனி எங்கடை வீட்டுப் பக்கம் வராதையுங்கோ."

படியிறங்கும்போது அண்ணை அழுகிற சத்தம் கேட்டது. எனக்குப் பொறாமையாக இருந்தது.

ஜூலை 5, சனி

கில் எடுத்தார். இன்னும் முடிவில்லையா என்று கேட்டார். "இலங்கைக்குப் போயிருக்கிறார்" என்றேன். "நல்ல விடுமுறை" என்றார். நன்றி சொன்னேன்.

ஜூலை 19

கஜந்தினி வந்து இரண்டு நாள் நின்றாள். தாளைக் காட்டவில்லை. அப்பா உன் சோதனைக்காகத்தான் வாயைக் கட்டிக்கொண்டிருந்தார் என்று அந்தப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது? இப்போது சத்தியம் காப்பது நான்.

ஆகஸ்ட் 12

இவருடைய பிறந்தநாள். பருப்பு, சோறு, ஒரு பொரியல். ஒன்பதரைக்குப் படுத்தேன்.

ஆகஸ்ட் 30

அரசாங்கத்தின் மூன்றாவது கடிதம். அவகாசம் கேட்டு எழுதினேன். கில்லிடமும் கேட்டேன், இலங்கைப் பயணம் நீண்டுவிட்டது என்று. பொய் சொல்வது இவ்வளவு இலகு என்று தெரியாது.

செப்டெம்பர் 14, ஞாயிறு

பார்க் எக்ஸ்டென்ஷன் கடையில் முருங்கைக்காய் தெரிவுசெய்துகொண்டு நின்றேன். பக்கத்தில் சிசிலி அக்கா. ஒளிக்க இடமில்லை. ஒல்லியாகப் போயிருந்தா.

"உம்மடை கோபம் நியாயம்தான். நான் ஒண்டும் கதைக்க வரேல்லை" என்றா. கொஞ்ச நேரம் அவவும் முருங்கைக்காயை ஒடித்துப் பார்த்தா. "அந்தத் துவக்கு ஆற்றையும் பேருக்கு மாறத்தானே வேணும். உமக்கு விருப்பமெண்டால் எடுக்கிறன் எண்டு இவர் சொன்னவர். இலேசான ஷாசி எண்டால் நல்லதாம்."

கையிலிருந்ததைக் கீழே வைத்தேன்.

"ஜூனிலை பாரமானதெல்லோ கேட்டவர்?"

"ஓம். இப்ப இலேசானது எண்டுறார்."

"ஏன்?"

"ஆருக்குத் தெரியும்? வயசு போகுதுதானே."

முருங்கைக்காய் வாங்காமல் வந்துவிட்டேன். நெஞ்சு படபடவென்று அடித்தது. எனக்கு இப்படி ஒரு சாமான் இன்னும் உள்ளே வேலை செய்கிறது என்பதே மறந்துபோயிருந்தது.

செப்டெம்பர் 20, சனி

நானே பற்றிக் அண்ணைக்குத் தொலைபேசி எடுத்து வரச் சொன்னேன். இருபது இறாத்தல் அரிசிப் பையை வாசலில் வைத்துவிட்டுக் காத்திருந்தேன்.

"அண்ணை, வாறபோது அந்தப் பையையும் ஒருக்கா உள்ளை வைச்சுவிடுங்கோ."

இடது கையால் இழுத்துக்கொண்டு வந்தார். அவர் வலக்கைக்காரர். தேத்தண்ணி கொடுத்தேன். கோப்பையையும் இடது கை. கண்ணுக்குள் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன்.

"எவ்வளவு நாளாய்?"

"என்ன எவ்வளவு நாளாய்?"

"என்னோடை விளையாடாதையுங்கோ. எவ்வளவு நாளாய்க் கை தூக்க ஏலாமல் இருக்கு?"

கோப்பையைப் பார்த்துக்கொண்டே சொன்னார், ஜூலையிலிருந்து. தோளிலிருந்து கீழே இறங்குகிற நோவு. சில நேரம் நெஞ்சுப் பக்கமும். சிசிலிக்குத் தெரியாது. தெரிந்தால் வேலையை விடச் சொல்லுவா, இன்னும் மூன்று வருடத்தில் ஓய்வூதியம், அதுவரை —

ஒரே பாடம். இந்த ஆம்பிளையள் எல்லாரும் ஒரே பள்ளிக்கூடத்திலை படிச்சவையள். நான் கத்தினேன். சொற்கள் ஞாபகம் இல்லை. மேல் வீட்டுக்காரர் தரையில் தட்டினார். கத்தி முடித்துவிட்டுச் சிசிலி அக்காவுக்குத் தொலைபேசி எடுத்து, அவர் முன்னாலேயே எல்லாவற்றையும் சொன்னேன். என்னிடம் யாரும் சத்தியம் வாங்கவில்லை.

"டொக்டரின்ரை கடுதாசி என்ரை கைக்கு வரவேணும். அதுக்குப் பிறகுதான் துவக்குக்குக் கையெழுத்து."

ஒக்ரோபர் 3

இருதய டொக்டரிடம் ஐந்து மாதம் கழித்துத்தான் ரொந்தேவு தருவார்களாம். அவசரப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போனோம். பதினொரு மணித்தியாலம் இருந்து, நோவு நெஞ்சுக்கு வருகிறது என்று நானே மூன்று முறை போய்ச் சொன்னேன். இரத்தம் எடுத்தார்கள், படம் எடுத்தார்கள். மிச்சச் சோதனைகளுக்கு நவெம்பர் என்றார்கள்.

ஒக்ரோபர் 27, திங்கள்

சூரன்போர். இவர் போய் ஆண்டு முடியாததால் கோயிலுக்குப் போகவில்லை. இந்த வருடம் சஷ்டி முன்னமே வந்து முடிந்துவிட்டது. சனிக்கிழமைதான் மான் காலம் தொடங்குகிறது. இவர் முதல் நாளே போயிருக்கலாம்.

நவெம்பர் 6, வியாழன்

வேலைக்கு லீவு போட்டுவிட்டு அவர்களோடு போனேன். அண்ணையை ஓடும் பட்டியில் நடக்கவிட்டு, வயர் பூட்டி, எல்லாம் பார்த்தார்கள். மூன்று மணிக்கு ஒரு பெண் டொக்டர் வந்து எங்கள் மூவரையும் இருத்தினாள். இருதயத்தில் ஒரு பிழையும் இல்லை. தோளில் தசைநார் கிழிந்திருக்கிறது, பெட்டி தூக்கித் தூக்கி வந்தது. ஒரு சின்ன ஒப்பரேசன், பிறகு பயிற்சி, வசந்தத்தில் சரியாகிவிடும்.

"தோள்தான்" என்று சிசிலி அக்கா என் கையைப் பிடித்தா. "வெறும் தோள், அஜந்தா."

நான் சந்தோசப்படத்தான் வேண்டும். பட்டேன். கார் நிறுத்துமிடம் வரை சரியாகத்தான் நடந்தேன். திறப்பை எடுத்துக் கதவைத் திறக்கப் போனபோது வந்தது. அவருக்கும் தோளாய் இருந்திருக்கலாமே. அவருக்கும் தோளாய் இருந்திருக்கலாமே எண்டு திருப்பித் திருப்பி அதையே சொல்லி, காரிலை சாஞ்சு, மூக்கும் வாயும் ஒண்டாய் ஓட. செத்தவீட்டில் எதிர்பார்த்த ஒப்பாரி எட்டு மாதம் பிந்தி ஒரு ஆஸ்பத்திரிக் கார்த்தரிப்பிடத்தில். யாரோ ஒரு வெள்ளைக்காரி தண்ணீர்ப் போத்தல் தந்துவிட்டுப் போனாள். பற்றிக் அண்ணை நல்ல கையால் என் தலையைத் தடவிக்கொண்டு நின்றார். சத்தியத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. மன்னித்துவிட்டேனா? தெரியாது. அவர்தான் காரை ஓட்டினார், ஒற்றைக் கையால். சிசிலி அக்கா வழி முழுக்க ஏசினா.

நவெம்பர் 8, சனி

காலையில் கஜந்தினிக்கு எடுத்து எல்லாம் சொன்னேன். தாளில் உள்ளதையும், அப்பா ஏன் சொல்லவில்லை என்பதையும். முடியும்வரை கேட்டாள். பிறகு, "அம்மா, இண்டைக்கு பஸ் எடுத்து வாறன்" என்றாள்.

மத்தியானம் லவால். மான் காலம் என்பதால் கடை நிறையச் செம்மஞ்சள் ஜக்கெற்றுகள். கில் என்னைக் கண்டதும் கை காட்டினார். "மெஸ்யூ இலங்கையிலிருந்து வந்துவிட்டாரா?"

"என் கணவர் மார்ச் 3ஆம் திகதி இறந்துவிட்டார்" என்றேன். பிரெஞ்சில் அந்த வசனத்தை முழுதாகச் சொன்னது இதுதான் முதல் தடவை. "நீங்கள் முதலில் எடுத்தபோதே இல்லை. உங்களிடம் பொய் சொன்னேன். மன்னிக்க வேண்டும்."

அவர் தொப்பியைக் கழற்றினார். மற்ற வாடிக்கையாளர்களை மறந்துவிட்டு நின்றார். பெப்ரவரியில் எடுத்தபோது இவர் என்னைப் பற்றிச் சொன்னாராம், என் மனைவி வந்து பார்த்தால் உங்கள் சாமானில் நூறு பிழை பிடிப்பாள் என்று. ஒரு பிழை பிடித்தேன்தானே என்றேன்.

துவக்கு ஒரு நண்பருக்குப் போகிறது, தோளில் ஒப்பரேசன், வசந்தத்தில் சரியாகிவிடும் என்று சொன்னேன். எது நல்லது என்று கேட்டேன்.

"இப்போது கேட்டால் இலேசானது. சரியான பிறகு என்றால் பாரமானது, அடி குறைவு. ஆனால் அதைத் தூக்கத் தோள் குணமாகியிருக்க வேண்டும்."

கறுப்பை எடுத்தேன். அதே மூலையில் அதே கோடு. அடுத்த வருடம் அண்ணை இதை வலக்கையால் நேராகத் தூக்கி, நான் அறுபது எண்ணும்வரை ஆடாமல் பிடிக்கட்டும். பிடித்தால் வேட்டைக்குப் போகலாம். சஷ்டி முடிந்திருந்தாலும் சரி, முடியாவிட்டாலும் சரி.

வீட்டுக்கு வந்து அரசாங்கக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டேன். பிறகு இவருடைய தாளை எடுத்து, 0.9க்குக் கீழே என் எழுத்தில் எழுதினேன்: நவெம்பர், 2.1.